ஓனர் வீடா, கம்பெனி வீடா? அட்வான்ஸ் யார் கையில் என்று பாருங்கள்!

மாதக் கடைசி ஞாயிறு. மடிப்பாக்கத்தில் ஒரு குறுக்குத் தெரு. டாடா ஏஸ் வண்டியில் பீரோ படுத்துக் கிடக்கிறது. அதன் மேல் மெத்தை, வாஷிங் மெஷின், மூட்டை கட்டிய பாத்திரங்கள், ஓரத்தில் துளசித் தொட்டி. டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டார். வண்டி கிளம்பவில்லை. மாடியில் கணக்கு முடியவில்லை. ஹாலில் நின்றபடி ஹவுஸ் ஓனர், சுவரில் ஆணி அடித்த இடங்களைத் தடவிப் பார்க்கிறார். "பெயின்ட்டுக்கு ஒரு மாச வாடகை போயிடும் தம்பி. பாத்ரூம் குழாய் வேற லூசா இருக்கு. மீதியை அடுத்த ஆள் அட்வான்ஸ் கொடுத்ததும் தந்துடறேன்."

அதே காலை, சோழிங்கநல்லூரில் ஓர் அடுக்குமாடி விடுதியின் வாசல். ஐ.டி. வேலையில் இருக்கும் இளம்பெண் இரண்டு பெட்டிகளோடு நிற்கிறார். அவரோடு கணக்குப் பேச யாரும் இல்லை. ரிசப்ஷனில் இருப்பவருக்குச் சாவியை வாங்கி வைக்க மட்டும்தான் அதிகாரம். செல்போனில் கம்பெனியின் ஆப் திறந்திருக்கிறது. டெபாசிட் என்ற இடத்துக்கு நேராக, 'பரிசீலனையில் உள்ளது' என்று இருக்கிறது.

சென்னையில் எந்த மாதக் கடைசியிலும் இந்த இரண்டு காட்சிகளையும் பார்க்கலாம். ஒருவருக்கு எதிரே ஆள் நிற்கிறார், பணம் வரவில்லை. இன்னொருவருக்குப் பணமும் வரவில்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை.

"ஓனர் தொல்லை வேண்டாம், கம்பெனியில் எடு" என்கிறது ஒரு கட்சி. "கம்பெனிக்காரனிடம் நியாயம் பேச முடியுமா? ஓனரே மேல்" என்கிறது இன்னொரு கட்சி. இரண்டு பக்கத்தையும் கிளறிப் பார்த்தால், சண்டை வேறோர் இடத்தில் இருப்பது தெரிகிறது.

மேன்ஷனிலிருந்து ஆப் வரை

கம்பெனி நடத்தும் வாடகை இடம் சென்னைக்குப் புதிதல்ல. வேலை தேடி வந்த இளைஞர்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் பல தலைமுறைகளாக இடம் கொடுத்தன. முதலாளி எங்கோ இருப்பார். மேனேஜர்தான் வாடகை வாங்குவார், தண்ணீர் வரும் நேரம் சொல்வார், விருந்தாளி தங்கினால் முறைப்பார். 'ஃபேமிலிக்கு மட்டும்' என்று போர்டு மாட்டிய நகரத்தில், கல்யாணம் ஆகாதவர்களுக்கு வேறு வழியும் இல்லை.

பின்னாளில் ஆப் கம்பெனிகள் கைவைத்ததும் இதே குறையில்தான். 2015-ல் பெங்களூரில் தொடங்கிய நெஸ்ட்அவே, பேச்சிலர்களுக்கு வீடு கிடைக்காத பிரச்னையையே தன் தொழிலாக்கிக்கொண்டது. பெரிய முதலீட்டாளர்கள் வந்தார்கள். ரத்தன் டாடாவும் பணம் போட்டார். பிறகு கோ-லிவிங் என்ற பெயரில் கட்டில், ஏசி, வைஃபை, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே பில்லாகத் தரும் கம்பெனிகள் பெருகின. சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலை அவற்றின் கோட்டை ஆனது.

இந்தக் கம்பெனிகள் எல்லாம் ஒரே ரகம் அல்ல. முதல் ரகம், ஓனருக்குக் காரியஸ்தர். அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருப்பவரின் ஃபிளாட்டைப் பார்த்துக்கொண்டு, அதற்குக் கட்டணம் வாங்கும். இரண்டாவது ரகம், முழுக் கட்டடத்தையும் ஓனரிடமிருந்து மொத்தமாக வாடகைக்கு எடுத்து, கட்டில் கட்டிலாகப் பிரித்துத் தன் பெயரில் விடும். மூன்றாவது ரகம், சொந்தக் கட்டடத்தைத் தானே நடத்தும். நீங்கள் எந்த ரகத்திடம் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பின்னால் வரும் வில்லங்கமும் இருக்கும்.

மேலே ஓனர், கீழே குடித்தனம்

ஓனர் வீட்டில் குடியிருப்பவருக்கு வாடகை ஒரு பகுதிதான். "நைட்டு பத்து மணிக்கு கேட்டைப் பூட்டிடுவோம்." "வண்டியை இந்தப் பக்கம் நிறுத்தாதீங்க." "சொந்தக்காரங்க வந்தா எத்தனை நாள் இருப்பாங்க?" மொட்டை மாடியில் துணி காயப்போடுவது முதல் மோட்டார் போடும் நேரம் வரை எல்லாவற்றுக்கும் எழுதாத விதி உண்டு. சம்ப்பில் தண்ணீர் குறைந்தால், எத்தனை வாளி பிடித்தீர்கள் என்று கணக்கு வரும்.

கரன்ட் பில் தனிக் கதை. 2016 முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனால் ஒரே இணைப்பிலிருந்து இரண்டு மூன்று போர்ஷனுக்கு சப்-மீட்டர் வைத்து, யூனிட் எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வசூலிக்கும் வீடுகளில் அந்தச் சலுகை குடித்தனக்காரரின் கண்ணில் படுவதே இல்லை.

வாடகையை ரொக்கமாகக் கேட்பார்கள், ரசீது கிடைக்காது. வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் வாடகை கொடுத்து வீட்டு வாடகைப் படிக்கு வரிச்சலுகை கேட்டால், ஓனரின் பான் எண்ணைக் காட்ட வேண்டும். அதைக் கேட்டதும் பல ஓனர்களின் முகம் மாறும். "அப்படின்னா வாடகையை ஏத்திக் கொடுங்க" என்பார்கள்.

ஆனாலும் ஓனரைத் தேடிப் போகிறவர்கள் குறையவில்லை. காரணம், அவர் பேசக்கூடிய ஆள். வேலை போய்விட்டது, இரண்டு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டால் சிலராவது பொறுப்பார்கள். பிள்ளைக்குப் பரீட்சை என்றால் காலி செய்யச் சொன்ன தேதி தள்ளிப்போகும். பத்து வருடம் ஒரே வாடகையில் இருந்தவர்களும் இருக்கிறார்கள். நல்ல குடித்தனம் போய்விடுமோ என்ற பயத்தில் ஓனரே வாடகையை ஏற்றாமல் விட்டிருப்பார். கம்பெனி ஒப்பந்தத்தில் இந்தத் தாட்சண்யத்துக்கு இடம் கிடையாது. தேதி தாண்டினால் அபராதம் தானாகவே பில்லில் ஏறும்.

---
பெட்டிச் செய்தி: ஒரு கணக்கு

இரண்டு இடத்திலும் மாத வாடகை ₹20,000 என்று வைத்துக்கொள்வோம்.

• ஓனர் வீடு: பத்து மாத அட்வான்ஸ் ₹2,00,000. அந்தப் பணம் 7% வட்டியில் வங்கியில் இருந்தால் வருடத்துக்கு ₹14,000 வந்திருக்கும். இரண்டு வருடம் கழித்துக் காலி செய்யும்போது பெயின்ட்டுக்கு ₹20,000 கழித்தால், வட்டி இழப்போடு சேர்த்து மொத்தம் ₹48,000. மாதத்துக்கு ₹2,000 கூடுதல் வாடகை கொடுத்ததாக ஆகிறது.

• கம்பெனி வீடு: இரண்டு மாத டெபாசிட் ₹40,000. ஒப்பந்தத்தில் ஆறு மாத லாக்-இன், அதாவது அதற்குள் காலி செய்யக் கூடாது. நான்காம் மாதமே வேலை மாறிக் கிளம்பினால் டெபாசிட் முழுவதும் போகலாம். நான்கு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் ₹10,000 கூடுதல்.

ஓனர் வீட்டில் இருப்பதற்குச் செலவு. கம்பெனி வீட்டில் போவதற்குச் செலவு. எத்தனை காலம் இருக்கப் போகிறீர்கள் என்பதே முதல் கேள்வி.

---

நடுவில் இருப்பவர் கைவிட்டால்?

கம்பெனி வீட்டின் உண்மையான ஆபத்து, குழாய் ரிப்பேருக்குப் போட்ட புகார் நாலு நாள் கிடப்பில் கிடப்பதல்ல. மொத்த வாடகைக்கு எடுத்து உள்வாடகைக்கு விடும் ரகத்தில், நீங்கள் ஓனருக்கு யார் என்றே தெரியாதவர். நீங்கள் மாதம் தவறாமல் கம்பெனிக்குப் பணம் கட்டுகிறீர்கள். கம்பெனி ஓனருக்குக் கட்டுகிறதா? கட்டவில்லை என்றால் ஒருநாள் ஓனர் வந்து கதவைத் தட்டுவார். அப்போது உங்கள் கையில் இருக்கும் ரசீதுகள் கம்பெனி கொடுத்தவை. டெபாசிட்டும் கம்பெனியிடம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இந்த அமைப்பின் பலவீனம் வெளிப்பட்டது. ஊழியர்கள் ஊருக்குப் போனார்கள், கட்டில்கள் காலியாயின. மாதம் இவ்வளவு நிச்சயம் என்று ஓனர்களுக்கு உறுதி கொடுத்திருந்த கம்பெனிகள் கையை விரித்தன. ஓனர்கள் கம்பெனியைப் பிடித்தார்கள். அறையில் சாமானைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனவர்களுக்கோ, வாடகை ஓடுகிறதா இல்லையா என்பதே புரியவில்லை.

இந்தத் தொழில் எவ்வளவு மெல்லிய லாபத்தில் நிற்கிறது என்பதற்கு நெஸ்ட்அவே கதையே சாட்சி. உச்சத்தில் இருந்தபோது பல நூறு கோடி ரூபாய்க்கு மதிப்பிடப்பட்ட நிறுவனம், 2023-ல் சுமார் ₹90 கோடிக்கு ஆரம் பிராப்டெக் என்ற நிறுவனத்திடம் கைமாறியது. ஓனர் ஒருவர் நொடித்தால் ஒரு வீட்டுக் குடித்தனம் தவிக்கும். கம்பெனி நொடித்தால் பல ஊர்களில் ஒரே நாளில் தவிப்பு.

வாடகை ஏற்றுவதிலும் வித்தியாசம் உண்டு. ஓனர் பக்கத்து வீட்டை விசாரித்துவிட்டு ஆயிரம், இரண்டாயிரம் கூட்டுவார். பெரிய கம்பெனிகள் மென்பொருளைக் கேட்கின்றன. அமெரிக்காவில் ரியல்பேஜ் என்ற நிறுவனத்தின் மென்பொருள், போட்டியாக இருக்க வேண்டிய நிர்வாகக் கம்பெனிகளின் உள்கணக்குகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு வாடகையைப் பரிந்துரைக்கிறது என்று 2024 ஆகஸ்டில் அந்நாட்டு அரசின் நீதித்துறையே வழக்குப் போட்டது. வாடகை வீடுகள் சில கைகளில் குவியும் எந்த ஊருக்கும் இது எச்சரிக்கை.

வேலையும் வீடும் ஒரே கையில்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அங்கே தொழிற்சாலைப் பெண்களில் பலருக்கு ஓனரா கம்பெனியா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே கிடையாது. வேலை கொடுப்பவர் காட்டும் விடுதியே வீடு.

2021 டிசம்பரில், ஆப்பிளுக்கு ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கானின் ஊழியர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, 150-க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக ஊழியர்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். ஆலை மூடப்பட்டது. தொழிலாளர்கள் தங்கிய சில இடங்களும் சாப்பாட்டுக் கூடங்களும் தரத்துக்கு ஏற்றதாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. விடுதியில் குறை சொன்னால் வேலைக்கு ஆபத்து வருமோ என்று அஞ்ச வேண்டிய நிலையில், வாடகைதாரர் உரிமை என்று பேசி என்ன பயன்? தெருவுக்கு வந்த பிறகுதான் அவர்கள் குரல் கேட்டது.

அதன் பிறகு அரசு இறங்கியது. வல்லம் வடகாலில் சிப்காட் ₹706.50 கோடியில் கட்டிய 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. வேலைக்குப் போகும் பெண்களுக்கான தோழி விடுதிகளையும் அரசு பல ஊர்களில் நடத்துகிறது. ஓனரும் இல்லை, லாபக் கம்பெனியும் இல்லை என்ற மூன்றாவது வழி இது. தேவையோடு ஒப்பிட்டால் இன்னும் சிறிய வழி.

யாருக்குக் கதவு திறக்கிறது?

'வெஜிடேரியன்ஸ் ஒன்லி' என்ற போர்டு எதைக் கேட்கிறது என்பது வீடு தேடும் எல்லோருக்கும் தெரியும். "சொந்த ஊர் எது, அப்பா என்ன பண்றார்" என்று தொடங்கும் விசாரணை எங்கே போய் முடியும் என்பதும் தெரியும். முஸ்லிம்கள், தலித்துகள், திருநங்கைகள், தனியாக வாழும் பெண்கள் ஆகியோருக்கு ஒரு போன் அழைப்பிலேயே வீடு 'இப்பத்தான் முடிஞ்சுது' ஆகிவிடுகிறது. இப்படி ஆள் பார்த்து மறுப்பதைத் தடுக்கும் பிரிவு தமிழக வாடகைச் சட்டத்தில் இல்லை.

கம்பெனி வீடு பெரிதாக வென்றது இங்கேதான். ஆதார் அட்டையும் சம்பளச் சீட்டும் கொடுத்தால் போதும், குலம் கோத்திரம் கேட்க மாட்டார்கள். அதற்காகவே கூடுதல் பணம் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் உண்டு. ஆனால் இந்தச் சமத்துவத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. சம்பளச் சீட்டு இல்லாத ஆட்டோ ஓட்டுநருக்கும் வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கும் ஆப்பில் இடமில்லை. அவர்கள் மீண்டும் ஓனர் வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும். காரியஸ்தர் ரகக் கம்பெனிகளோ, "ஓனர் விருப்பம் அப்படி" என்று சொல்லி அதே வடிகட்டலைக் கொஞ்சம் நாசூக்காகச் செய்கின்றன.

---
பெட்டிச் செய்தி: சட்டம் என்ன சொல்கிறது?

• 1960-ன் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், நியாய வாடகை நிர்ணயிக்கப்படாத கட்டடத்துக்கு ஒரு மாத வாடகையைத்தான் அட்வான்ஸாக அனுமதித்தது. அந்தச் சட்டம் உயிரோடு இருந்தபோதே சென்னையில் பத்து மாதம் வழக்கமாயிற்று.

• 2017-ல் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் அது செல்லும் என்று ஒரு சந்தும் வைத்திருக்கிறது.

• காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும்.

• ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லாததையே காரணம் காட்டி ஓனர் காலி செய்யக் கோரலாம்.

• வீட்டுக்குள் வர 24 மணி நேரத்துக்கு முன் நோட்டீஸ் தர வேண்டும். தண்ணீர், மின்சாரத்தை நிறுத்தி நெருக்கக் கூடாது.

• ஓனர் சார்பில் நிர்வாகி இருந்தால் அவர் யார், எதற்கு அதிகாரம் பெற்றவர் என்பதை வாடகைதாரருக்குச் சொல்ல வேண்டும்.

• விடுதிக் கட்டணம் ஆளுக்கு மாதம் ₹20,000-க்குள் இருந்து, தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் ஜி.எஸ்.டி. கிடையாது (2024 ஜூலை முதல்).

---

பணத்தை மூன்றாவது கையில் கொடுங்கள்

ஓனர் நல்லவரா, கம்பெனி நாணயமானதா என்ற கேள்வியிலேயே நாம் சுற்றுகிறோம். இரண்டு இடத்திலும் சண்டை வெடிப்பது காலி செய்யும் நாளில்தான். அன்று ஒரு தரப்பின் கையில் மொத்தப் பணமும் இருக்கிறது. பிடித்தம் எவ்வளவு என்று முடிவு செய்வதும் அதே தரப்பு. சண்டை போடுபவரே நாட்டாமையாகவும் இருந்தால் தீர்ப்பு எப்படி வரும்?

இதற்கு மற்ற நாடுகளில் தீர்வு இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007 ஏப்ரல் முதல், வாடகைதாரரின் டெபாசிட்டை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் பதிவது கட்டாயம். தகராறு வந்தால் அந்தத் திட்டமே இலவசமாகப் பஞ்சாயத்து செய்யும். பதியாத ஓனருக்கு டெபாசிட்டைப்போல் மூன்று மடங்கு வரை அபராதம் விழலாம். ஜெர்மனியில் டெபாசிட் மூன்று மாத அடிப்படை வாடகையைத் தாண்டக் கூடாது. ஓனர் அதைத் தன் பணத்தோடு கலக்காமல் தனியாகப் போட்டு வைக்க வேண்டும், வட்டி வாடகைதாரருக்கு. அங்கெல்லாம் வாடகைக்கு விட்டவர் தனியாளா கம்பெனியா என்ற பேதம் டெபாசிட்டுக்குக் கிடையாது.

தமிழகத்தில் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. வாடகை அதிகாரி இருக்கிறார், வாடகை நீதிமன்றமும் தீர்ப்பாயமும் இருக்கின்றன, பதிவுக்கு இணையதளமும் இருக்கிறது. பதிவு எண்ணோடு டெபாசிட்டுக்கு ஒரு தனிக் கணக்கையும் இணைத்தால் போதும். மூன்று மாத வரம்பில் இருக்கும் ஓட்டையை அடைப்பதும், உள்வாடகைக்கு விடும் கம்பெனி, அசல் ஓனரின் சம்மதக் கடிதத்தைப் பதிவிலேயே காட்ட வேண்டும் என்று கட்டாயமாக்குவதும் அடுத்த வேலை.

ஓனர்கள் இதை எதிர்ப்பார்கள் என்று சொல்வதுண்டு. அவர்களுக்கும் பயம் இருக்கிறது. வாடகையும் தராமல் காலியும் செய்யாமல் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு இழுத்த குடித்தனங்களின் கதை ஒவ்வொரு தெருவிலும் உண்டு. பத்து மாத அட்வான்ஸ் அந்தப் பயத்தின் விலை. வாடகை வழக்கு சீக்கிரம் முடியும் என்ற நம்பிக்கை வந்தால் அந்த விலை தானாக இறங்கும். ஆகவே வாடகை நீதிமன்றங்களுக்கு ஆளும் நேரமும் கொடுப்பது இரு தரப்புக்கும் செய்யும் உதவி.

---
பெட்டிச் செய்தி: சாவி வாங்கும் முன்

1. ஓனர் வீடானால்: சொத்து வரி ரசீதில் யார் பெயர் என்று பாருங்கள். அட்வான்ஸை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். பெயின்ட் பிடித்தம் எவ்வளவு, கரன்ட் யூனிட் எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

2. கம்பெனி வீடானால்: ஓனர் கொடுத்த சம்மதக் கடிதத்தைக் கேளுங்கள். லாக்-இன், நோட்டீஸ் காலம், கிளீனிங் கட்டணம் ஆகிய மூன்றையும் கையெழுத்துக்கு முன் படியுங்கள். ஆப்பில் போட்ட புகார்களை அவ்வப்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். காலி செய்த பிறகு ஆப் திறக்காமல் போகலாம்.

3. ஓனர் வெளிநாட்டில் இருந்தால்: அவருக்குக் கொடுக்கும் வாடகையில் வரி பிடித்துக் கட்ட வேண்டிய பொறுப்பு வாடகைதாரருடையது. பொதுவாக 31.2%. ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுக் குடி போங்கள்.

4. எங்கேயானாலும்: குடி போகும் நாளே சுவர், குழாய், கதவு, மீட்டர் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

---

நாலைந்து வருடம் ஒரே இடத்தில் இருக்கப் போகும் குடும்பத்துக்கு, எழுதிப் பதிந்த ஒப்பந்தத்தோடு ஓனர் வீடு லாபம். ஊருக்குப் புதிதாக வந்து, அடுத்த வேலை எங்கே என்று தெரியாதவருக்குக் குறைந்த லாக்-இன் உள்ள கம்பெனி இடம் வசதி. இதை அவரவர் கணக்குப் போட்டு முடிவு செய்துகொள்ளலாம்.

அட்வான்ஸை மட்டும் அப்படி அவரவர் சாமர்த்தியத்துக்கு விட முடியாது. தெரிந்தவர் சிபாரிசு உள்ளவருக்கு முழுதாகவும், ஊர் விட்டு ஊர் வந்தவருக்குப் பாதியாகவும் திரும்பும் பணம் அது. 1960-ல் ஒரு மாதம் என்று எழுதினோம், 2017-ல் மூன்று மாதம் என்று எழுதினோம், தெருவில் இன்றும் பத்து மாதம் கேட்கிறார்கள். பணம் கைமாறுவதைப் பார்க்க ஒருவரை உட்கார வைக்காமல் அடுத்த சட்டம் எழுதினாலும் இதுதான் நடக்கும்.